பன்றி சமைக்காத வீட்டுப் பிள்ளையின் மூளையில் நாடாப்புழுக் கட்டி எப்படி வந்தது?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பது இது. அக்காவின் மகனுக்கு எட்டு வயது. காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவனுக்கு வலது கை வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது, வாய் ஒரு பக்கம் கோணியது, பிறகு விழுந்துவிட்டான். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டது. கண்டிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் "மூளையில் பூச்சிக் கட்டி இருக்கிறது, பன்றியிலிருந்து வருவது" என்று சொல்லியிருக்கிறார்கள். "எங்கள் வீட்டு அடுப்பில் பன்றி இறைச்சி ஏறியதே இல்லை. அம்மா கோடாங்கியிடம் போய்விட்டார். பிள்ளைக்கு மண்டையைத் திறக்க வேண்டிவருமா? தங்கைக்கும் ஒட்டுமா? கடையில் பூச்சி மருந்து வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா?" என்பது அவர் கேள்வி.

டீச்சர், கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடையில் பூச்சி மருந்து வாங்கி அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். வயிற்றுப் பூச்சிக்கு ஒரே வேளையாக விழுங்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகக்கூடியது. அங்கே இருக்கும் கட்டியை அது அரைகுறையாகத் தாக்கினால் கட்டியைச் சுற்றி வீக்கம் கிளம்பும்; மறுபடியும் வலிப்பு வரும். இதே மருந்தைத்தான் வைத்தியர்களும் கொடுப்பார்கள். ஆனால் வீக்கத்தை அடக்கும் இன்னொரு மருந்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அளவு பார்த்து, நாள் கணக்கு வைத்துக் கொடுப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கொடுக்கும் வழக்கமான பூச்சி மாத்திரை வேறு விஷயம். இதைக் கேட்டுப் பயந்து அதை நிறுத்திவிட வேண்டாம். உங்கள் அக்கா மகனுக்கு மட்டும், வைத்தியரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

இனி, பன்றி தொடாத வீட்டுக்கு இது எப்படி வந்தது என்ற கேள்வி. உங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் இதில்தான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நோயின் பெயர் நியூரோசிஸ்டிசர்கோசிஸ். காரணமான புழு, பன்றி நாடாப்புழு. இந்தப் புழுவுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "பன்றி சாப்பிட்டால் மூளையில் பூச்சி" என்ற பேச்சு ஊரெல்லாம் நடக்கிறது. முதல் வாழ்க்கை மனிதனின் குடலில். இந்தப் புழுவின் நீர்க்கட்டி உள்ள பன்றி இறைச்சியை அரைவேக்காட்டில் தின்றவரின் குடலில் புழு ஒட்டிக்கொண்டு வளரும். ரிப்பன் போல இரண்டு மூன்று மீற்றர், சில வேளை அதற்கும் மேலே. அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எப்போதாவது மலத்தோடு வெள்ளையாய்த் தட்டையாய் ஒரு துண்டு போகும். அந்த ஒரு துண்டுக்குள் முட்டைகள் ஆயிரம் ஆயிரமாக இருக்கும். ஐம்பதாயிரம் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இருபத்தைந்து முப்பதை வரிசையாக அடுக்கலாம்.

இரண்டாவது வாழ்க்கை பன்றியின் உடம்பில். வெளியில் மலம் தின்னும் பன்றியின் வயிற்றுக்குள் அந்த முட்டை போய், பொரிந்து, ஆறு கொக்கி உள்ள நுண்ணிய குஞ்சாகி, குடற் சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, சதையில் போய்த் தங்கி நீர்க்கட்டியாகிறது. அப்படிப்பட்ட இறைச்சியை வெட்டிப் பார்த்தால் வேகவைத்த சவ்வரிசியை உள்ளே தூவிவிட்டதுபோல் இருக்கும். பளபளவென்ற ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி.

முட்டைக்குத் தான் போய்ச் சேர்ந்தது பன்றி வயிறா மனிதன் வயிறா என்று தெரியாது. மனிதன் வாய்க்குள் முட்டை போனால், பன்றிக்குள் செய்வதையே மனிதனுக்குள்ளும் செய்யும். சதையில், தோலுக்கடியில், கண்ணில், மூளையில் கட்டியாகத் தங்கும். உங்கள் பிள்ளைக்கு நடந்தது இந்த இரண்டாவது வழி. இறைச்சியைத் தின்றால் குடலில் புழு வரும். முட்டையை விழுங்கினால் மூளையில் கட்டி வரும். அந்த முட்டையைப் பன்றி போடுவதில்லை. குடலில் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்துதான் அது வெளியே வருகிறது.

இறைச்சிக் கட்டிதான் குடற்புழுவாகிறது என்பதை 1855இல் குச்சென்மைஸ்டர் என்ற ஜெர்மன் வைத்தியர், இன்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஒரு வழியில் நிரூபித்தார். மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதியின் உணவில், அவனுக்குத் தெரியாமல், பன்றிக் கட்டிகளைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறியபின் உடலைத் திறந்து பார்த்தபோது குடலில் இளம் நாடாப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அறிவியல் வளர்ந்த விதங்களில் இதுவும் ஒன்று.

உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான சம்பவம் நியூயோர்க்கில் நடந்தது. 1990, 1991 காலத்தில் அங்கே பழமைவாத யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பேருக்கு வலிப்பு வந்து, மூளையில் இதே கட்டி இருப்பது தெரியவந்தது. பன்றி தின்பதைப் பாவம் என்று விலக்கிய வீடுகள். விசாரித்தபோது அந்த வீடுகளில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும், இந்தப் புழு பரவியுள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பணிப்பெண்கள் இருந்தார்கள். பரிசோதித்ததில் ஒருவருக்கு நாடாப்புழுத் தொற்று இருந்தது. உங்கள் வீட்டு அடுப்பில் பன்றி ஏறாதது உண்மையாகவே இருக்கட்டும். அந்த உண்மை பிள்ளையைக் குடற்புழுவிலிருந்து காப்பாற்றும், முட்டையிலிருந்து காப்பாற்றாது.

"பன்றியிலிருந்து வருவது" என்ற அந்த ஒரு வரியை நானும் சொல்லியிருக்கிறேன். சிறுவர் பிரிவில் வைத்தியராகச் சேர்ந்த புதிதில், நோயாளிகள் நிரம்பிய ஒரு நாளில், ஒரு தாயிடம் அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து அந்தத் தாய் கிளினிக்குக்கு வரவில்லை. பாட்டிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருமகள் தாய்வீட்டில் ஒளித்துவைத்துப் பிள்ளைக்குப் பன்றி ஊட்டிவிட்டாள் என்று சொல்லி அவளை வீட்டைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் ஊட்டவே இல்லை. ஊட்டியிருந்தாலும் மூளையில் கட்டி நேராக அதனால் வந்திருக்காது. அதைப் பாட்டிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. முதல் நாளே பத்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

சரி, முட்டை எப்படி வாய்க்கு வருகிறது? மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கப் பெரிய படம் வேண்டாம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பத்துக் காம்பராவுக்கு இரண்டு மலசலகூடம், அதில் ஒன்றில் தண்ணீர் வராது. கீழே பீலிக்கரையில் கால் கழுவுகிறவரும், பாத்திரம் கழுவுகிறவரும், குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். குளிருக்குச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ யாருக்கும் மனம் வருவதில்லை. இரண்டு விரலை நனைத்துச் சீலையில் துடைப்பதுதான் வழக்கம். அந்தக் கைதான் சோற்றை உருட்டிப் பிள்ளைக்கு ஊட்டுகிறது, ரொட்டிக்கு மாவைப் பிசைகிறது. புழு உள்ளவர் வீட்டிலேயே இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. வெளியில் என்றால் மரக்கறி. மனித மலம் கலந்த தண்ணீர் பாய்ந்த பாத்தியில் விளைந்த கரட், லீக்ஸ், சலாது, வல்லாரை. கழுவாமலோ, அதே ஓடைத் தண்ணீரில் கழுவியோ, பச்சையாகச் சம்பல் போட்டுத் தின்றால் முட்டை வரலாம். ஈரமும் குளிரும் உள்ள மண்ணில் இந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வினாகிரியோ உப்புத் தண்ணீரோ அதைக் கொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. ஓடும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் கழன்று போகும். அடுப்பில் கொதித்தால் செத்துப்போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் இந்த நோய் அரிது. இந்தியாவில் பல மாநிலங்களில், நேபாளத்தில், ஆபிரிக்காவின் பல பகுதிகளில், மெக்சிகோவிலிருந்து பெரு வரையில் இது சாதாரணம். இப்படிப் புழு நிலைகொண்ட பல இடங்களில் வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய 30 வீதத்தினருக்கு இதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இங்கே அப்படி இல்லை. எனவே இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். முதலாவது, கடந்த ஐந்தாறு வருடத்தில் பிள்ளை இந்தியாவுக்குப் போனானா? மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்துபோன உறவுகள் திருச்சியிலும் நீலகிரியிலும் இல்லாத தோட்டக் குடும்பம் குறைவு. கலியாணம், காரியம், சபரிமலை என்று போய்வருகிறோம், அங்கிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். வருடக் கணக்கை ஏன் கேட்கிறேன் என்றால், முட்டை விழுங்கிய மறுவாரம் வலிப்பு வராது. இந்தியாவில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய பிரித்தானியச் சிப்பாய்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பலருக்கு நாலைந்து வருடம் கழித்தே முதல் வலிப்பு வந்தது தெரிந்தது. அதைவிடப் பல வருடம் பிந்தியவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி குறையலாம்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியமானது: இது உண்மையிலேயே பூச்சிக் கட்டிதானா?

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மூளை தெரியும். வலது கை இழுத்ததால் தேட வேண்டியது மூளையின் இடது பாதி. படத்தில் இடதும் வலதும் மாறியிருக்கும், ஓரத்தில் எழுத்துப் போட்டிருப்பார்கள். மேற்பரப்புக்கு அருகே ஒரு சின்ன வெள்ளை வளையம், குழந்தைக்கு முப்பதாம் நாள் போடும் மோதிரம் அளவுக்கு. வளையத்துக்குள் சற்று ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி. வளையத்தைச் சுற்றிக் கைவிரல் விரித்ததுபோல் ஒரு கறுப்பு நிழல். வளையம் கட்டியின் சுவர், புள்ளி புழுவின் தலை, நிழல் மூளையின் வீக்கம். புள்ளி தெளிவாகத் தெரிந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். புழுவே தன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டது.

ஆனால் பல பிள்ளைகளுக்குப் புள்ளி தெரியாது, வளையம் மட்டும்தான் தெரியும். வளையமாகத் தெரியும் இன்னொரு நோய் காசநோய். மூளைக்குள்ளும் காசநோய்க் கட்டி வரும். ஒரு காம்பராவில் ஏழு பேர் படுத்துறங்கும், புகை போக வழியில்லாத லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, இலங்கையில் அரிதான நோயை எழுதுமுன் காசநோயை விலக்கியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூச்சிக் கட்டி பெரும்பாலும் 20 மில்லிமீற்றருக்குக் குறைந்தது, உருண்டையாய் ஒழுங்காய் இருக்கும். காசநோய்க் கட்டி அதைவிடப் பெரிதாக, கரடுமுரடாக, பக்கத்து மூளையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இது பொதுவிதி மட்டுமே, மீறல்கள் உண்டு. அதனால்தான் நெஞ்சுப் படம், கையில் ஊசி குத்தி மூன்றாம் நாள் பார்க்கும் மேன்டூ சோதனை, வீட்டில் நாட்பட்ட இருமல் யாருக்கு என்ற கேள்வி எல்லாம். அவற்றைக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். பூச்சிக் கட்டிக்கு வீக்கத்தை அடக்கக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்து, மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடலாம்.

இரத்தப் பரிசோதனையில் "இல்லை" என்று வந்தால் அதை வைத்து நோயே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. கட்டி ஒன்றே ஒன்று இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. எம்.ஆர்.ஐ. எழுதியிருந்தால், முதல் ஸ்கேன் தவறு என்று அர்த்தமில்லை. புழுவின் தலையையும் மூளையின் நீரறைகளையும் அது கூடுதலாகக் காட்டும். சுண்ணாம்பு படிந்த பழைய கட்டியைச் சி.டி.தான் நன்றாகக் காட்டும்.

தாய்மார் நம்ப மறுக்கும் ஒரு விஷயம் உண்டு. புழு உயிரோடு இருந்த காலமெல்லாம் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஓடினான், விளையாடினான், பாடம் படித்தான். உயிருள்ள கட்டி உடம்பின் காவலை ஏமாற்றிக்கொண்டு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உள்ளே இருந்தது கசிந்து வெளியே வருகிறது; அப்போது உடம்பு விழித்துக்கொண்டு பாய்கிறது; சுற்றிலும் வீங்குகிறது; வலிப்பு வருகிறது. பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தி வேகமானது என்பதால் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டி, அதுவும் சாகும் நிலையில் இருப்பதுதான் கண்ணில் படும். அதாவது, நீங்கள் பார்த்துப் பயந்த அந்த வலிப்பு, புழு செத்துக்கொண்டிருப்பதன் சத்தம். இதைக் கேட்டு நோய் லேசானது என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் மூளையில் பூச்சி ஊர்ந்து ஊர்ந்து தின்கிறது என்ற கற்பனையை வீட்டில் நிறுத்தலாம். அது ஊராது, தின்னாது, அங்கே குட்டியும் போடாது.

மண்டையைத் திறப்பதா? மூளைச் சதைக்குள் ஒரே ஒரு சின்னக் கட்டி என்றால் கத்திக்கு வேலையில்லை. நீரறைக்குள் கட்டி சிக்கி, மூளைநீர் போகும் பாதையை அடைத்து, தலைவலியும் வாந்தியுமாகப் பிள்ளை மயங்கினால்தான் சத்திர சிகிச்சை பற்றிப் பேச்சு வரும்.

சாதாரணமாக நடப்பது மூன்று மருந்து. வலிப்பைத் தடுக்கும் மருந்து முதலாவது. அதுதான் முக்கியமானது, அதுதான் நீண்ட காலம். இரண்டாவது வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொயிட். மூன்றாவது அல்பெண்டசோல்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, 10 முதல் 14 நாள். இருபது கிலோப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று ஆகும். கணக்கைச் சொல்வது நீங்களே வாங்கிக் கொடுப்பதற்கல்ல, கொப்பியில் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்வதற்கு. இந்த மருந்து வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு பல மடங்கு கூடுதலாக ஏறும். வெறும் தேநீரோடு விழுங்கவைக்காமல், தேங்காய்ப்பூ நிறையப் போட்ட ரொட்டி, முட்டை, பால் என்று எதையாவது கொடுத்து அதோடு கொடுக்கச் சொல்லுங்கள். மருந்து தொடங்குமுன் கண் வைத்தியர் ஒருவர் கண்ணுக்குள் பார்த்தாரா என்றும் கேளுங்கள். கண்ணில் ஒரு கட்டி ஒளிந்திருந்து அது மருந்தில் வீங்கினால் பார்வை போய்விடும். கட்டிகள் இரண்டுக்கு மேல் என்றால் பிரசிகுவான்டெல் என்ற இன்னொரு மருந்தும் சேரலாம். கட்டி ஏற்கெனவே செத்துச் சுண்ணாம்பாகிவிட்டிருந்தால் பூச்சி மருந்தே வேண்டாம். தலை முழுக்கக் கட்டிகளும் வீக்கமும் என்றால், முதலில் வீக்கத்தை இறக்குவார்கள். பூச்சி மருந்தைத் தொடமாட்டார்கள்.

ஒரே கட்டி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் கட்டி கரைந்து ஸ்கேனில் தேடினாலும் கிடைக்காமல் போகும். சிலருக்கு அது சுண்ணாம்புப் பொட்டாக நிற்கும். அவர்களுக்கு வலிப்பு மருந்து நீளும். கட்டி முழுதாக மறைந்து, கடைசி வலிப்பு வந்து குறைந்தது ஆறு மாதம் கழிந்த பிறகே வைத்தியர்கள் மருந்தைக் குறைப்பது பற்றி யோசிப்பார்கள். குறைப்பதும் படிப்படியாகத்தான்.

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள். மாதா மாதம் கிளினிக். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போய்வர ஒரு நாள் போகும். தாய்க்கு அன்று பேர் கிடைக்காது, நாட்சம்பளம் போய்விடும். இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை என்றதும் "பிள்ளை சுகமாகிவிட்டான்" என்ற முடிவுக்கு வீடு வந்துவிடுகிறது. நான் பார்த்த ஒரு சிறுமி, ஒன்பது வயது, அப்படித்தான் மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்தினாள். அம்மா காலை வேலைக்குப் பேர் பதியப் பிரட்டுக்குப் போயிருந்த நேரம் தம்பிக்குத் தேத்தண்ணீர் வைக்க அடுப்பங்கரையில் குந்தியிருந்தவளுக்கு வலிப்பு வந்து கை நெருப்புக்குள் போய்விட்டது. ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. கையின் இரண்டு விரல் இன்றும் விரியாது. ஆகவே, இரண்டு மாதத்துக்குச் சேர்த்து மருந்து கொடுக்க முடியுமா, பக்கத்து வைத்தியசாலையிலேயே வாங்கிக்கொள்ளக் கடிதம் தருவீர்களா என்று கிளினிக்கில் தயங்காமல் கேளுங்கள். கேட்டால் பல வேளை வழி பிறக்கும்; கேட்காமல் நின்றுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. புது வலிப்பு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்தால் மட்டும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கொண்டு போங்கள்.

உங்கள் அம்மா கோடாங்கியிடம் போனதற்காக வீட்டில் யாரும் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கயிறு கட்டட்டும், திருநீறு போடட்டும், முனியாண்டிக்குப் பொங்கல் வைக்கட்டும். உடுக்கை அடித்து இரவு முழுக்கப் பிள்ளையைத் தூங்கவிடாமல் வைப்பதும், குடிக்க ஏதாவது கரைத்துக் கொடுப்பதும், மாத்திரையை நிறுத்தச் சொல்வதும்தான் கூடாது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை என்றால் அவரே உடுக்கையை நிறுத்திவிடுவார்.

மறுபடி வலிப்பு வந்தால் கையில் இரும்பு, சாவிக்கொத்து, மூக்கில் செருப்பு எதுவும் வேண்டாம். வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம்; பல் உடையும், விரல் போகும். இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது தொடங்கினாலோ 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். லயத்துக்கு அம்புலன்ஸ் ஏறாது என்றால் பெரிய ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதே அழையுங்கள்.

தங்கைக்கு ஒட்டுமா என்று கேட்டீர்கள். அண்ணனின் தலையில் இருக்கும் கட்டி யாருக்கும் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், வகுப்பில் யார் பக்கத்திலும் உட்காரலாம். ஆனால் அண்ணனுக்கு முட்டையைக் கொடுத்த கை எதுவோ, அது தங்கைக்கும் சோறு ஊட்டியிருக்கலாம். ஆகவே அவளுக்கு வலிப்போ தீராத தலைவலியோ வந்தால் அதே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும், பிள்ளையும் சேர்த்து, மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு நாள் மாதிரி போதாது. புழு தினமும் முட்டை விடுவதில்லை, வேறு வேறு நாளில் மூன்று முறை கொடுப்பது நல்லது. யாருக்காவது இருந்தால் நிக்லோசமைட் என்ற மருந்து உண்டு. குடலைத் தாண்டி உடம்புக்குள் ஏறாது என்பதால் மூளையில் கட்டி இருந்தாலும் அதைச் சீண்டாது.

இந்தத் தேடலை எப்படிச் செய்கிறீர்கள் என்பது முக்கியம். யாரோ ஒருவரைப் பிடித்து நிறுத்துவதற்கான விசாரணையாக இது ஆகிவிடக்கூடாது. புழு உள்ளவருக்கே அது தெரியாது. பல வீடுகளில் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் புழு உள்ளவர் எப்போதோ வந்துபோன விருந்தாளியாக இருக்கலாம், அல்லது பிள்ளை விழுங்கியது வழியில் எங்கோ ஒரு கடையில் தின்ற சலாதாக இருக்கலாம். "குடும்பத்தில் எல்லோரும் கொடுக்க வேண்டுமாம், நான் முதலில் கொடுக்கிறேன்" என்று நீங்களே தொடங்குங்கள். லயத்தில் பன்றி வளர்ப்பவர் யாராவது இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். அடைத்து வைத்துத் தீவனம் போட்டு வளர்க்கும் பன்றிக்கு இந்தப் புழு வருவது அரிது. திரியவிட்ட பன்றியும், மலசலகூடம் இல்லாத மனிதரும் ஒரே இடத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் வட்டம் சுற்றும். பொது சுகாதாரப் பரிசோதகரிடம் தகவல் சொல்லுங்கள். தண்ணீர் வராத அந்த மலசலகூடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாய் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் "பூச்சிக் கட்டி" என்ற அதே பெயரில் வேறொன்றும் இருக்கிறது. நாயின் குடலில் வாழும் ஒரு சின்ன நாடாப்புழுவின் முட்டையால் வருவது ஹைடாடிட் கட்டி. அது பெரும்பாலும் ஈரலிலும் நுரையீரலிலும் வரும். மூளையில் வருவது நூற்றில் ஒன்றிரண்டு, அப்படி வருபவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். அது மோதிர அளவில் நிற்காது. தண்ணீர் ஊற்றிய பலூன் போல மாதக்கணக்கில் பெருத்து, தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று வரும். அதற்குத்தான் மண்டையைத் திறக்க வேண்டும். ஊசி குத்தக்கூடாது, உடைந்தால் உள்ளே இருப்பது சிந்தி உயிருக்கே ஆபத்து. கட்டிக்கும் மூளைக்கும் இடையில் மெல்லிய குழாயால் உப்புநீரைச் செலுத்தி, தலையைச் சரித்து, உடையாமல் அதைத் தானாக மிதந்து வெளியே வரவிடுவார்கள். உங்கள் பிள்ளைக்குச் சொன்னது இதுவல்ல என்றே நினைக்கிறேன், ஆனாலும் அறிக்கையில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடசாலைக்கு அவன் தாராளமாக வரலாம். ஆற்றிலும் குளத்திலும் தனியாகக் குளிக்கவிடாதீர்கள், கொய்யா மரத்தில் ஏறவிடாதீர்கள், அடுப்பங்கரைக்கு அனுப்பாதீர்கள், பந்து விளையாடட்டும். காலைக் கூட்டத்தில் அவன் விழுந்ததை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள், அதை அவன் முன்னாலேயே நீங்கள் வகுப்பில் ஒரு தடவை விளக்கிவிட்டால் பட்டப்பெயர் வராது.

அடுத்த கிளினிக்கில் இவற்றைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்: கட்டி ஒன்றா பலவா, எத்தனை மில்லிமீற்றர், உள்ளே புள்ளி தெரிகிறதா, நெஞ்சுப் படமும் மேன்டூவும் செய்தார்களா, கண்ணைப் பார்த்தார்களா. பிள்ளையின் எடையையும் எழுதுங்கள்.